பந்திக்கு வந்த கண்காணிப்பு

ராக்காயி வேலைக்குச் சேர்ந்ததில் அரசாங்கத்துக்கு உண்டான பரபரப்பு ராக்காயிக்கே உண்டாகவில்லை.

புருஷன் போன பிறகு நான்கு வருடம் அவள் விதவை உதவித்தொகை வாங்கிக் காலம் தள்ளினாள். அந்த நான்கு வருடத்தில் அவள் இருக்கிறாளா, செத்தாளா என்று ஒரு காக்கை கூட வந்து பார்த்ததில்லை. காரைக்குடியில் அவள் குடியிருந்த ஓட்டு வீடு ஒழுகி, சட்டி பானையெல்லாம் மிதந்தபோது யாரும் வரவில்லை. காய்ச்சலில் பதினெட்டு நாள் பாயோடு பாயாகக் கிடந்தபோதும் வரவில்லை. அவள் கையில் சாரணிக் கரண்டியைப் பிடித்துச் சம்பாதிக்க ஆரம்பித்த அடுத்த வாரமே வந்துவிட்டார்கள். ஃபைலோடு வந்தார்கள், டேப்லெட்டோடு வந்தார்கள், முக்கியமாகப் பசியோடு வந்தார்கள்.

'உன் காலில் நீ' என்று அந்தத் திட்டத்துக்குப் பெயர். நாற்பத்து மூன்று வருடமாக ராக்காயி வேறு யாருடைய காலில் நின்றாளோ, அது பெயர் வைத்த மகானுக்குத்தான் தெரியும். உதவித்தொகை வாங்கும் பெண்களைத் தேடிப் பிடித்து, பயிற்சி கொடுத்து, வேலையில் ஏற்றிவிட்டு, அதோடு விடாமல் ஒரு வருடத்துக்குப் பின்னாலேயே போய்ப் பார்ப்பது திட்டத்தின் நோக்கம். சிவகங்கையில் தொண்ணூறு நாள் 'உணவு தயாரிப்பு உதவியாளர்' பயிற்சி நடந்தது. பாடம் எடுத்தவர் கை கழுவும் முறையை மட்டும் பதினோரு நாள் நடத்தினார். தேன்குழல் அச்சைத் தூக்கிக் காட்டி, "இது பம்பு செட் சாமானா?" என்று கேட்ட மேதை அவர். தொண்ணூறு நாளில் ராக்காயி அவருக்கு ரசம் வைக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு, சான்றிதழை வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

வேலையையும் அவளேதான் தேடிக்கொண்டாள். கல்யாணச் சமையல் மாஸ்டர் அழகுராஜாவின் வாசலில் போய் நின்று, "ஒரு ஈடு அதிரசம் போட்டுக் காட்டுறேன், புடிச்சாச் சேத்துக்கங்க, புடிக்கலைன்னா எண்ணெய்க் காசைக் குடுத்துட்டுப் போறேன்" என்றாள். காரைக்குடியைச் சுற்றி எந்த ஊரில் மேளம் கொட்டினாலும் அழகுராஜாவின் அடுப்புதான் புகையும். சொந்த மாமியார் சமையலையே மூக்கைச் சுளித்துக்கொண்டு தின்கிற மனிதன். முதல் அதிரசத்தைக் கடித்தான். இரண்டாவதை எடுத்தான். ஏழாவதில்தான் வாயைத் திறந்து, "நாளைக்கு தேவகோட்டை, வந்துரு" என்றான். திட்டத்தின் பதிவேட்டில் இது 'துறையின் தொடர் முயற்சியால் பணியமர்த்தப்பட்டார்' என்று ஏறியது.

பின்தொடர்ந்து பார்க்க வந்தவர் மாயக்கண்ணன். பணிக்குப் பிந்தைய தொடர் கண்காணிப்பு அலுவலர் என்று கழுத்தில் அட்டை தொங்கும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, மொத்தம் நாலே தடவை வந்து, பயனாளி வேலையில் நீடிக்கிறாரா என்று பார்த்து, நாற்பத்தாறு கேள்வி கேட்டு, வேலை செய்யும் இடத்தில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போக வேண்டியது அவர் கடமை.

அடுத்த வாரம் தேவகோட்டையிலேயே நடந்த இன்னொரு கல்யாணத்தில், இருநூறு பேருக்கான சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தபோது, அண்டாவுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து முதல் தடவை ஆரம்பித்தார்.

"வேலைக்கு வந்த பெறகு உங்க தன்னம்பிக்கை எத்தனை சதவீதம் கூடியிருக்கு?"

"தள்ளி உக்காருங்க சார், தெறிக்கும்."

"சதவீதம் சொல்லுங்கம்மா. அம்பதுக்கு மேலயா, கீழயா?"

"அரை வேக்காடு."

அவர் ஐம்பது என்று குறித்துக்கொண்டார்.

"சமுதாயத்தில் உங்களை இப்ப எப்படிப் பாக்குறாங்க?"

"இங்க ஒருத்தருக்கும் பாக்க நேரமில்லை. நீங்க ஒருத்தருதான் பாத்துக்கிட்டு இருக்கீக."

கேள்வி முடிந்து படம் எடுக்கும் படலம். டேப்லெட்டைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்ட வேண்டுமாம். விறகுப் புகையில் ராக்காயியின் கண் சிமிட்டிய சிமிட்டலில் அந்தக் கருவிக்கே தலை சுற்றி, 'முகம் பொருந்தவில்லை' என்று சொல்லிவிட்டது. சரி, இன்னொரு நாள் பார்ப்போம் என்று மாயக்கண்ணன் பெருந்தன்மையோடு எழுந்து, போகிற போக்கில் பந்தியில் உட்கார்ந்தார்.

அங்கேதான் கோளாறு ஆரம்பமானது. அதுவரை மாயக்கண்ணன் மத்தியானம் அலுவலகத்தில் எலுமிச்சைச் சாதத்தை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்த ஜீவன். செட்டிநாட்டுக் கல்யாணப் பந்தியை அன்றுதான் முதல் தடவையாக முழுசாகப் பார்த்தார். இலையின் இடது ஓரத்தில் பிள்ளையார் சுழி போட்டதுபோல உட்கார்ந்திருந்த அந்த அதிரசத்தை வாயில் வைத்ததும், கண்காணிப்பு என்பது எவ்வளவு புனிதமான பணி என்று அவருக்குப் புரிந்துபோயிற்று.

அதற்கப்புறம் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை என்ற விதி, முகூர்த்தத்துக்கு ஒரு தடவை என்று தானாகவே திருந்திக்கொண்டது. ராக்காயி கானாடுகாத்தானில் வடை தட்டினால் அவர் கானாடுகாத்தானில். பள்ளத்தூரில் பாயசம் கிண்டினால் பள்ளத்தூரில். மாப்பிள்ளைக்கே முகூர்த்த நேரத்தில் சந்தேகம் வந்தால் மாயக்கண்ணனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஆறே மாதத்தில் அவர் வயிறு கழுத்து அட்டையைப் படுக்க வைத்துவிட்டது. முன்பு செங்குத்தாகத் தொங்கிய அட்டை இப்போது மேசைமேல் வைத்த மாதிரி வானத்தைப் பார்த்துக் கிடந்தது.

பன்னிரண்டாம் மாதமும் வந்து போனது. 'நிறைவு' என்று ஒரு பொத்தானை அமுக்கினால் ராக்காயியின் ஃபைல் மூடிக்கொள்ளும். மாயக்கண்ணன் அமுக்குவாரா? முகம் தெளிவாக இல்லை என்றார். இடம் பதிவாகவில்லை என்றார். முப்பத்தெட்டாவது கேள்விக்கான பதில் மனசுக்குத் திருப்தியாக இல்லை என்றார். பதினான்காம் மாதம் நடந்துகொண்டிருந்தது.

அந்த மாதத்தில்தான் கண்டனூர்க் கல்யாணத்தில் பாகு முறிந்தது. அதிரசத்துக்கு வெல்லப்பாகு பதத்துக்கு வருகிற நேரம் ஒரு கண் இமைப்பு. தண்ணீரில் விட்டால் உருட்ட வர வேண்டும், உருட்டினால் நிற்க வேண்டும், அந்தக் கணத்தில் இறக்க வேண்டும். ராக்காயி குனிந்தபோது, "ஒரு நிமிசம்மா, இங்குட்டுத் திரும்புங்க, வெளிச்சம் நல்லா இருக்கு" என்று மாயக்கண்ணன் தோளைப் பிடித்துத் திருப்பினார். ஒரு நிமிடம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், பாகு கல்லாகியிருந்தது. அந்தக் கல்லில் சுட்ட அதிரசத்தைக் கடித்துப் பெண்ணின் தாய்மாமன் ஒரு பல்லையும், மாப்பிள்ளையின் சித்தப்பா ஒரு பல் செட்டையும் பறிகொடுத்தார்கள்.

அழகுராஜா அன்று கத்தவில்லை. அதுதான் ராக்காயிக்குப் பயமாக இருந்தது.

"ஏத்தா, உன் கைப்பக்குவத்துக்கு நான் குத்தம் சொல்லலை. ஆனா இன்னொரு கல்யாண வீட்டுல அந்தாளு ஃபைலைத் தூக்கிக்கிட்டு வந்து நின்னாருன்னா, நீயும் அவரு கூடவே போயிரு. எனக்குச் சமையல்காரி வேணும். பின்னாடி கவர்மெண்டைக் கூட்டிக்கிட்டு வர்ற ஆளு வேணாம்."

வேலையில் இருக்கிறாளா என்று பார்க்க வந்தவராலேயே வேலை போகப் போகிறது. போனால், வேலையில் நீடிக்கவில்லை என்று அவரே குறித்துக்கொண்டு, தன்னம்பிக்கை பூச்சியம் என்றும் எழுதிக்கொள்வார். ராக்காயி அன்றைக்கே மாயக்கண்ணனுக்கு ஃபோன் போட்டு, "சார், நாளைக்கழிச்சு கொத்தமங்கலத்துக்கு மட்டும் வராதீக, உங்க காலுல வேணாலும் விழுறேன்" என்று கெஞ்சினாள்.

"கொத்தமங்கலமா?" என்றார் மாயக்கண்ணன். அவர் குறித்துக்கொள்ளும் சத்தம் ஃபோனில் கேட்டது.

கொத்தமங்கலத்தில் சாத்தப்பன் செட்டியார் வீட்டுக் கல்யாணம். ஒரு தெருவில் நுழைந்தால் மறுதெருவில் போய் முடிகிற வீடு. முன்வாசலில் தும்மினால் பின்வாசலில் இருப்பவருக்கு மறுநாள்தான் கேட்கும். பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்களை வளவு என்கிற நடுமுற்றத்துத் தாழ்வாரத்தில் பாய் விரித்துப் பரப்பி வைப்பது அவர்கள் வழக்கம். மாப்பிள்ளை வீட்டார் வந்து, ஒவ்வொன்றாகப் பார்த்து, பார்க்காத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்கள். சாத்தப்பன் பரப்பியிருந்த வெள்ளிச் சாமானின் ஜொலிப்பில், உத்தரத்தில் இருந்த புறாக்கள் கண் கூசி வேறு வீட்டுக்குக் குடிபோயிருந்தன. மாப்பிள்ளை வீட்டார் ஒன்பது மணிக்கு வருவதாக ஏற்பாடு.

எட்டு மணிக்கு வாசலில் ஒரு வெள்ளை ஜீப் வந்து நின்றது. 'அரசுப் பணி' என்று கண்ணாடியில் ஒட்டியிருந்தது. மாயக்கண்ணன் இறங்கினார். இந்தத் தடவை தனியாக வரவில்லை. சிவகங்கையிலிருந்து மாவட்ட ஒருங்கிணைப்பாளர் சத்தியப்பிரியாவையும் அழைத்து வந்திருந்தார். இத்தனை நாள் இவர் எங்கே சாப்பிடுகிறார் என்று அந்த அம்மாளுக்குச் சந்தேகம் வந்து, நேரில் கண்காணிக்கக் கிளம்பியிருந்தார்.

சத்தியப்பிரியா நேரே வளவுக்குள் போய் டேப்லெட்டைத் தூக்கி வீட்டை ஒரு சுற்றுப் படம் எடுத்தார். பயனாளி வேலை செய்யும் இடம் பதிவாக வேண்டுமல்லவா? தூணும் வெள்ளியும் ஒன்றுவிடாமல் பதிவாயின. பிறகு, பன்னீர்ச் செம்போடு நின்ற சாத்தப்பனைப் பார்த்து, படிவத்தில் உள்ளபடியே கேட்டார்.

"இங்க எத்தனை பேரு வேலை பாக்குறாங்க? சம்பளம் கையிலயா, பேங்க்லயா?"

சாத்தப்பனின் கையில் இருந்த செம்பு தானாகப் பன்னீர் தெளித்தது.

சத்தியப்பிரியாவுக்கு அக்கா மகள் கல்யாணம் தையில். அந்த ஞாபகத்தில், ஒரு வெள்ளிக் குடத்தைத் தட்டிப் பார்த்து, "நல்லா இருக்கே, எங்க வாங்குனீங்க? பில்லு இருக்கா?" என்று வேறு கேட்டுவைத்தார்.

முடிந்தது. ஜீப், அட்டை, ஃபைல், படம், சம்பளம், பில். வருமான வரிக்காரர்கள் என்பதற்கு இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? யார் நீங்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டால் பயந்துவிட்டதாக நினைப்பார்களே என்ற பயத்தில் சாத்தப்பன் கேட்கவில்லை. இருவரையும் வளவை அடுத்த இரண்டாங்கட்டில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, ஆளுக்கொரு மின்விசிறியைத் திருப்பிவிட்டு, உள்ளே ஓடினார்.

அடுத்த பத்து நிமிடத்தில் அந்த வீட்டில் நடந்த வேகத்துக்கு, கல்யாணத்தைத் தள்ளிவைத்துவிட்டு ஓட்டப் பந்தயம் நடத்தியிருக்கலாம். வெள்ளிக் குடங்கள் சாக்கு மூட்டைக்குள் அரிசியோடு அரிசியாயின. குத்துவிளக்குகள் வாழைத்தாருக்குள் புகுந்தன. தட்டுகள் அப்பளக் கூடைக்குள் அடுக்கடுக்காக இறங்கின. கரண்டிகளைக் கொண்டுவந்த பங்காளி ஒருவர், ஒளிக்க இடம் கிடைக்காமல், கொதிக்கிற சாம்பாரில் போட்டு மூடினார். பெண்ணின் தாயார் உமையாள் ஆச்சி ராக்காயியிடம் ஓடி வந்து, ஒரு வைரத் தோட்டைக் கரைத்து வைத்திருந்த கந்தரப்பப் பலகார மாவுக்குள் அமுக்கி, "இன்கம் டாக்ஸு வந்திருக்கு, ஊத்திராதத்தா" என்று சொல்லிவிட்டு மறைந்தார்.

ராக்காயிக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. கதவிடுக்கு வழியாக இரண்டாங்கட்டை எட்டிப் பார்த்தாள். மின்விசிறிக் காற்றில் தலைமுடி பறக்க, மடியில் தாம்பூலப் பையோடு, மாயக்கண்ணன் சாமி மாதிரி வீற்றிருந்தார். அவள் கதவை மெல்லச் சாத்திவிட்டுப் பின்வாங்கினாள்.

பின்னாலிருந்து அழகுராஜாவின் குரல் கேட்டது. "பாத்துட்டியா?"

"மாஸ்டர், நான் வரச் சொல்லலை. சத்தியமா."

"இவுக என் ஆளோட வந்தவுகன்னு இப்ப நான் போய்ச் சொன்னா, செட்டியாரு என் அடுப்பைத் தூக்கி ஊருணியில எறிவாரு. சொல்லாம இருந்தா, ஒம்பது மணிக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரவுக வந்து வெறும் பாயைப் பாத்துட்டு, திரும்பிப் போயிருவாக. உன் பின்னாடி வந்தவுக. நீயே அனுப்பு. ஒம்பது மணிக்குள்ள அவுக போகணும். இல்ல, நீ போகணும்."

மணி எட்டு முப்பத்தைந்து. ராக்காயி கையைக் கழுவினாள். ஒரு தட்டில் நாலு வெள்ளைப் பணியாரம் எடுத்து வைத்துக்கொண்டு இரண்டாங்கட்டுக்குப் போனாள்.

"அடடே, பயனாளியே வந்துட்டாங்க" என்றார் மாயக்கண்ணன். "மேடம், இவங்கதான். வாழ்க்கையில எவ்வளவு முன்னேற்றம் பாருங்க. இந்த வீட்டுல நமக்கே இம்புட்டு மரியாதைன்னா, இவங்களுக்கு எப்படி இருக்கும்!"

"சாப்புடுங்க சார். சாப்புட்டுக்கிட்டே கேளுங்க. இந்த மரியாதை எதுக்குன்னு தெரியுமா?"

"துறை மேல மக்களுக்கு ஒரு இது இருக்கும்ல."

"உங்கள இன்கம் டாக்ஸுன்னு நெனச்சுக்கிட்டு இருக்காக."

பணியாரம் மாயக்கண்ணன் வாயிலேயே நின்றது. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

"நாங்க அப்படிச் சொல்லவே இல்லையே" என்றார் சத்தியப்பிரியா.

"இல்லைன்னும் சொல்லலையே மேடம். அந்தத் தாம்பூலப் பையைத் தொறந்து பாத்தீகளா?"

சத்தியப்பிரியா திறந்தார். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், அதற்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளிச் சிமிழ். தேளைத் தொட்டவர் மாதிரி கையை உதறினார். மாயக்கண்ணன் பையில் இரண்டு இருந்தன. வயிற்றின் சைஸைப் பார்த்து அவர்தான் பெரிய அதிகாரி என்று சாத்தப்பன் முடிவு செய்திருக்க வேண்டும்.

"செட்டியாருக்கு மதுரையில நெஜமான பெரிய ஆபீசரு ஒருத்தரு தோஸ்து" என்றாள் ராக்காயி. "ஃபோன் போட்டுட்டாக. வந்திருக்கது யாரு எவருன்னு பாக்க அவரு பொறப்பட்டுட்டாராம். திருப்பத்தூரு தாண்டிட்டாராம்."

மதுரை ஆபீசர் அந்த நிமிடத்தில் ராக்காயி சுட்டு எடுத்த பணியாரம். சுடச்சுட இருந்தது. அரசாங்க வேலை, அடுத்தவன் பெயரைச் சொல்லி நடித்தது, மடியில் வெள்ளி என்று சத்தியப்பிரியாவின் முகத்தில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கியது. மாயக்கண்ணனுக்குப் பதினான்கு மாதமாகச் சேர்த்த வயிறு ஒரே மூச்சில் உள்ளே போய், கழுத்து அட்டை மறுபடி செங்குத்தாக நின்றது.

"ராக்காயிம்மா, வெளியே போறதுக்கு வேற வழி இருக்கா?"

"இருக்கு சார். பின்கட்டு வழியா அடுத்த தெருவுக்குப் போயிரலாம். நான் கூட்டிட்டுப் போறேன். அதுக்கு முன்னாடி என் ஃபைலை மூடிருங்க."

"கேள்வி நாற்பத்தாறும் கேக்கணுமே."

"கேளுங்க. மதுரைக்காரரு வர்ற வரைக்கும் நான் நின்னு பதில் சொல்றேன்."

ஒரு வருடத்துக்கு மேலாகக் கேட்டுக் கேட்டு முடிக்க முடியாத நாற்பத்தாறு கேள்விக்கும் மாயக்கண்ணன் அவளைக் கேட்காமலே நாற்பத்தாறு நொடியில் பதில் போட்டார். தன்னம்பிக்கை நூறு சதவீதம். நூற்றுக்கு மேல் போட முடிந்திருந்தால் போட்டிருப்பார். டேப்லெட்டைத் தூக்கிக் காட்டினார். ராக்காயி அதைப் பார்த்துச் சிரித்தாள். முகம் பொருந்திவிட்டது. 'நிறைவு' பொத்தானை மாயக்கண்ணன் அமுக்கப் போனபோது அவசரத்தில் விரல் இடம் மாறியதால், சத்தியப்பிரியாவே அவர் விரலைப் பிடித்து அமுக்கினார்.

சிமிழ்களை நாற்காலியில் வைத்துவிட்டு மூவரும் கிளம்பினார்கள். பின்வாசல் பெரிய கதவு பூட்டியிருந்தது. அதில் இருந்த சின்னத் திட்டிவாசல் வழியாகத்தான் போக வேண்டும். சத்தியப்பிரியா காற்று மாதிரி போய்விட்டார். மாயக்கண்ணனின் வயிறு, பயம் கொஞ்சம் தெளிந்து பழைய அளவுக்குத் திரும்பியிருந்ததால், பாதியில் சிக்கிக்கொண்டது. தலையும் கையும் ஒரு தெருவில், மிச்சம் இன்னொரு தெருவில். ராக்காயி தோளைக் கொடுத்து ஒரு தள்ளுத் தள்ளினாள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பொன்னுத்தாயி ஓடி வந்து, என்ன ஏது என்று கேட்காமல், ஆசையாக இரண்டாவது தள்ளுத் தள்ளினாள். கண்காணிப்பு மறுதெருவில் போய் விழுந்தது. ஜீப் ஓட்டி வந்தவர் முன்கட்டில் சாவகாசமாக இட்லி தின்றுகொண்டிருந்தார். அவரைக் கூப்பிடக்கூட நிற்காமல் இருவரும் பேருந்து நிறுத்தம் வரைக்கும் ஓடியே போனார்கள்.

"போயிட்டாக" என்றாள் ராக்காயி, உள்ளே வந்து.

"யாரு அனுப்புனா?" என்று உமையாள் ஆச்சி கேட்டார்.

"நான்தான் ஆச்சி."

"நீயா? என்ன சொன்ன?"

"இங்க பாக்க வேண்டியதை எல்லாம் பாத்தாச்சு, கெளம்புங்கன்னேன். கையெழுத்தைப் போட்டுட்டுக் கெளம்பிட்டாக."

ஆச்சி அவளை மேலும் கீழும் பார்த்தார். வருமான வரித் துறையையே கையெழுத்து வாங்கிக்கொண்டு திருப்பி அனுப்பிய சமையல்காரியை அந்தக் குடும்பம் ஏழு தலைமுறையில் கண்டதில்லை. மணி ஒன்பது அடிக்கும் முன் வெள்ளி முழுவதும் வளவுக்குத் திரும்பியது. தோட்டை ராக்காயி மாவிலிருந்து அள்ளிக் கழுவிக் கொடுத்தாள். கரண்டிகளை மட்டும் யாரும் நினைக்கவில்லை. பந்தியில் மாப்பிள்ளையின் பெரியப்பா இலையில் சாம்பாரோடு ஒரு வெள்ளிக் கரண்டியும் விழுந்தது. அவர் அதைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு, "காய்க்குப் பதிலா வெள்ளியைப் போட்டுல்ல சாம்பார் வைக்கிறாக, பொண்ணு வீடுன்னா இதுதான்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பந்தி ஓய்ந்த பிறகு சாத்தப்பன் அடுப்படிக்கே வந்தார். அழகுராஜாவும் பக்கத்தில் நின்றான்.

"ஏம்மா, அவுக திரும்பி வருவாகளா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"வர மாட்டாக ஐயா. பசியெடுத்தா வேற ஒரு பாவப்பட்டவ பின்னாடி போவாக."

சாத்தப்பனுக்கு அது விளங்கவில்லை. இருந்தாலும் பெரிதாகத் தலையாட்டினார். அழகுராஜாவிடம் திரும்பி, "அடுத்த வருசம் என் தம்பி வீட்டுக் கல்யாணம். இந்த அம்மா வந்தா நீ வா. இல்லைன்னா நான் வேற ஆளைப் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அழகுராஜா கொஞ்ச நேரம் அண்டாவைச் சுரண்டுகிற மாதிரி பாவனை செய்தான். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்.

"நாளைக்கு ஆத்தங்குடி. வேன் நாலு மணிக்கு வரும்."

"யாரு யாரு போறது மாஸ்டர்?"

"உன்னத்தான்த்தா சொல்றேன்" என்றான் அழகுராஜா. "நீ ஒருத்தி மட்டும் வா."